இறுகக் கட்டிய தூளி: மரநிழல் ஓய்வில் கவனிக்க வேண்டியவை

கோடை விடுமுறை நெருங்கும்போது எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பவிருப்பவரின் மகனோ மகளோ தயங்கியபடி கேட்பார்: "அப்பாவை ஏற்காட்டுக்கு அழைத்துச் செல்லலாமா? தோட்டத்தில் தூளி கட்டிப் படுக்க வைக்கலாமா?" இரண்டு மரங்களுக்கு இடையே கட்டும் அந்த ஆடும் படுக்கையைக் கடைக்காரர்கள் 'ஹேமக்' என்று விற்கிறார்கள். இக்கட்டுரையில் அதனைத் தூளிப்படுக்கை என்றே வழங்குகிறோம். சுருட்டினால் கைப்பைக்குள் அடங்கிவிடும். விலையும் எட்டாததன்று. எனவே அண்மை ஆண்டுகளில் மலைவாழிட விடுதிகள், பண்ணை வீடுகள், மொட்டை மாடிகள் எங்கும் அது இடம்பெற்றுவிட்டது.

அக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஆம் என்று கூறத்தக்கவர் பலர். சற்றுப் பொறுங்கள் என்று கூற வேண்டியவர் சிலர். ஆனால் எவருக்கும் கூற வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதனை எங்களுக்கு உணர்த்தியவர் எங்கள் எலும்பியல் பிரிவில் சிகிச்சை பெற்ற முதியவர் ஒருவர். பெயர் குறிப்பிடாமல் எழுதலாம் என்று அவரே இசைவளித்துள்ளார்.

அவர் பணி நிறைவு பெற்ற ஆசிரியர். பேரப்பிள்ளைகள் வாங்கித் தந்த தூளிப்படுக்கையை, மொட்டை மாடியில் பந்தலுக்காக எழுப்பிய இரண்டு செங்கல் தூண்களுக்கு இடையே கட்டினார்கள். நடுவில் தொய்ந்தால் முதுகு வலிக்கும் என்றெண்ணி, இருவர் சேர்ந்து கயிற்றை இயன்றவரை இழுத்து, கட்டில் போல் சமமாக்கினார்கள். இரண்டு நாள் ஒன்றும் நேரவில்லை. மூன்றாம் நாள் மாலை அவர் படுத்துச் சற்று நேரத்திற்குள் ஒரு தூணின் மேற்பகுதி பெயர்ந்தது. அவர் தரையில் அமர்ந்த நிலையில் விழுந்தார். செங்கற்கள் அவர் காலருகே சரிந்தன. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஓர் எலும்பு நசுங்கியிருந்தது. தண்டுவடம் தப்பியது பெரும்பேறு. மூன்று மாதம் இடுப்புப் பட்டை அணிந்து நடமாடினார்.

அவர் துணைவியார் எங்களிடம் கூறியதை இன்றும் மறக்கவில்லை: "நன்றாக இழுத்துக் கட்டினால்தானே ஐயா பாதுகாப்பு என்று நினைத்தோம்." பெரும்பாலோர் அவ்வாறே நினைக்கிறார்கள். நாங்களும் ஒருகாலத்தில் அவ்வாறே நினைத்திருந்தோம். அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் முதன்மை நோக்கம்.

தூங்குதல் என்பது தொங்குதலே

தூளிப்படுக்கை அயல்நாட்டுப் புதுமை போல் தோன்றினும், தொங்கும் படுக்கை நமக்குப் புதிதன்று. 'தூங்கு' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் தொங்குதல், ஊசலாடுதல் என்பன பொருள். மரக்கிளையில் தொங்கும் கூடு கட்டும் பறவையைச் சங்கப் பாடல்கள் தூக்கணங்குரீஇ என்கின்றன. இன்று நாம் தூக்கணாங்குருவி என்கிறோம். உறங்குதலைக் குறிக்க நாம் இன்று வழங்கும் சொல்லே ஊசலாட்டத்தைக் குறித்த சொல்தான். வீட்டு விட்டத்திலும் வயல் வரப்பு மரத்திலும் அன்னையர் சேலையால் கட்டிய தூளியில் உறங்கி வளர்ந்தவர்களே நம்மில் பெரும்பாலோர். ஈழத் தமிழர் அதனை ஏணை என்பர்.

பெரியவர்களும் படுத்துறங்கும் வகையில் அதனைக் கைத்தொழிலாக வளர்த்தவர்கள் தென், நடு அமெரிக்கப் பகுதிகளின் தொல்குடியினர். 1492ஆம் ஆண்டு அக்டோபரில் கொலம்பஸ் பஹாமாத் தீவுகளை அடைந்தபோது, அங்குள்ள மக்கள் பருத்தி வலைகளில் உறங்குவதைக் கண்டு குறித்துவைத்தார். தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்கள் அதனை 'ஹமாக்கா' என்றழைத்தனர். அச்சொல்லே ஸ்பானிய மொழி வழியாக உலகெங்கும் பரவியது. ஈரமும் பூச்சிகளும் ஊர்வனவும் மிகுந்த மண்ணில் தரையை விட்டு மேலே உறங்குவது அம்மக்களுக்கு உயிர்காப்பாகவே இருந்தது.

பின்னர்க் கப்பல்கள் அதனை ஏற்றன. 1597இல் ஆங்கிலேயக் கடற்படை தன் மாலுமிகளுக்குத் தூளிப்படுக்கையை முறைப்படி ஏற்றுக்கொண்டது. கப்பல் ஒரு பக்கம் சாயும்போது கட்டில் சாயும்; படுத்தவர் உருண்டு விழுவார். தூளியோ கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் நேராகவே தொங்கும். காலையில் சுருட்டிவைத்தால் அவ்விடம் வேலைக்குப் பயன்படும். இன்றும் மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் எத்தனையோ இல்லங்களில் இரவு உறக்கம் தூளியில்தான். அமேசான் ஆற்றில் பல நாள் செல்லும் பயணப் படகுகளில் மக்கள் தத்தம் தூளியைக் கொண்டுவந்து மேல்தளத்தில் வரிசையாகக் கட்டிக்கொள்கின்றனர்.

ஆட்டம் உறக்கம் தருவது உண்மையா?

தூளியில் ஆடினால் குழந்தை உறங்குவதை அறியாத தாய் இல்லை. பெரியவர்களுக்கும் அது பொருந்துமா என்பதைச் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகர ஆய்வாளர்கள் அளந்து பார்த்தனர். 2011இல் வெளியான ஆய்வில் உடல்நலமுள்ள 12 ஆடவர், ஒரு நாள் அசையாத கட்டிலிலும் மற்றொரு நாள் மெல்ல ஆடும் கட்டிலிலும் பகலில் 45 நிமிடம் படுத்தனர். ஆடும் கட்டிலில் அவர்கள் விரைவில் உறங்கினர். உறக்கத்தின் ஆழத்தைக் காட்டும் மூளை அலைகளும் கூடின. 2019இல் வெளியான மற்றோர் ஆய்வில் 18 இளைஞர்கள் முழு இரவும் ஆடும் கட்டிலில் உறங்கினர். அவர்களுக்கு ஆழ்ந்த உறக்கம் கூடியதுடன், முந்தைய மாலை கற்ற சொற்களை மறுநாள் நினைவுகூரும் திறனும் மேம்பட்டிருந்தது.

நம் உட்செவியில் உடலின் சமநிலையை உணரும் உறுப்பு உள்ளது. மெதுவான, ஒரே சீரான ஆட்டத்தை அது மூளைக்கு உணர்த்துகிறது. அந்தத் தாளத்தையொட்டி உறக்க அலைகள் ஒழுங்கடைகின்றன என்பது ஆய்வாளர் கருத்து. ஏறத்தாழ நான்கு நொடிக்கு ஒருமுறை சென்று திரும்பும் மென்மையான ஆட்டமே அங்குப் பயன்பட்டது. வேகமான ஊஞ்சலாட்டம் அன்று.

எனினும் இவ்வாய்வுகளை அளவோடு கொள்ள வேண்டும். பங்கேற்றோர் சிலரே, அனைவரும் நலமுள்ள இளையோர், அவர்கள் படுத்தது தட்டையான இயந்திரக் கட்டிலில், வளைந்த தூளியில் அன்று. எனவே தூளிப்படுக்கை உறக்கமின்மைக்கு மருந்து என்று நாங்கள் கூற மாட்டோம். உறக்க மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டுத் தூளியை நாடுவதும் கூடாது. மரநிழலில் அரைமணி நேரம் மனம் இளைப்பாற அது நல்லதோர் இடம் என்று கூறுவதே போதுமானது.

கயிற்றின் கணக்கு

இனி, அந்த ஆசிரியர் இல்லத்தில் நேர்ந்தது ஏன் என்பதைப் பார்ப்போம்.

தூளியில் படுத்தவரின் எடையை இரு பக்கக் கயிறுகளும் தாங்குகின்றன. எடை 70 கிலோ என்றால் ஒவ்வொரு கயிற்றிலும் 35 கிலோதான் விழும் என்று தோன்றும். கயிறு செங்குத்தாகத் தொங்கினால் மட்டுமே அது உண்மை. தூளிக் கயிறோ சாய்ந்து செல்கிறது. அது மேல்நோக்கியும் இழுக்கிறது, பக்கவாட்டிலும் இழுக்கிறது. எடையைத் தாங்குவது மேல்நோக்கிய பங்கு மட்டுமே. கயிறு கிடைமட்டத்தை நெருங்க நெருங்க அந்தப் பங்கு குறைகிறது. ஆகவே அதே எடையைத் தாங்கக் கயிறு பன்மடங்கு விசையுடன் இழுபட வேண்டியிருக்கிறது.

எண்களாகக் கூறின் தெளிவாகும். 70 கிலோ எடையுள்ளவர் படுத்த நிலையில், கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை இறங்கியிருந்தால் ஒவ்வொரு கயிற்றிலும் விழும் இழுவிசை 70 கிலோவுக்கு நிகர். 20 பாகை எனில் 102 கிலோ. 10 பாகை எனில் ஏறத்தாழ 200 கிலோ. 5 பாகை மட்டும் இறங்கும்படி விறைப்பாகக் கட்டினால் ஏறத்தாழ 400 கிலோ! படுத்தவர் ஒருவரே, கட்டின் இறுக்கம் மட்டுமே மாறியது. குழந்தைகள் குதித்து ஏறினாலோ இருவர் சேர்ந்து படுத்தாலோ இவ்விசை இன்னும் கூடும்.

செங்கல் தூண் மேலிருந்து வரும் சுமையைத் தாங்கக் கட்டப்படுவது. பக்கவாட்டு இழுப்பை, அதுவும் கம்பி வைக்காத தூண், தாங்குவது அரிது. ஆசிரியர் வீட்டுத் தூண் முதல் இரு நாளில் விரிசல் கண்டு, மூன்றாம் நாள் பெயர்ந்திருக்க வேண்டும். இத்தகைய தூண் சரிந்து, தூளியில் படுத்திருந்த சிறார் உயிரிழந்த நிகழ்வுகள் அமெரிக்காவில் பதிவாகியுள்ளன.

எனவே எங்கள் முதல் வேண்டுகோள்: தூளியை இறுகக் கட்டாதீர்கள், தொய்வாகக் கட்டுங்கள். அளவுகோல் தேவையில்லை. கட்டிய இடத்திலிருந்து கயிறு 2 அடி நீளம் வரும்போது 1 அடி கீழிறங்கியிருந்தால் அது 30 பாகை. புன்னகைக்கும் வாயின் வளைவு போல் தூளி தொங்குவதே சரியான கட்டு.

தொய்ந்தால் முதுகு வளையாதா?

வளையும், தூளியின் நீளப்போக்கில் நேராகப் படுத்தால். வாழைப்பழம் போல் முதுகு வளைந்து, முழங்கால் விறைத்து, கழுத்து மடிந்து போகும். தூளியை இறுக்கிக் கட்டும் எண்ணம் இதனால்தான் எழுகிறது. அதற்குத் தீர்வு வேறு. நடுக்கோட்டிலிருந்து விலகிக் குறுக்குச் சாய்வாகப் படுக்க வேண்டும். தலை ஒரு பக்க ஓரத்தை நோக்கியும் கால்கள் எதிர்ப்பக்க ஓரத்தை நோக்கியும் இருந்தால் துணி விரிந்து, உடல் ஏறத்தாழத் தட்டையாகக் கிடக்கும். தலைமுறை தலைமுறையாகத் தூளியில் உறங்கும் யுகட்டான் மக்கள் படுப்பது இவ்வாறே. முழங்காலடியில் சிறு தலையணை வைத்தால் இடுப்புக்கு இதமாக இருக்கும்.

இதற்குத் துணி அகலமாக இருக்க வேண்டும். முனைகள் சேலைக் கொசுவம் போல் திரண்டு முடியும் வகையே ஏற்றது. இரு முனைகளிலும் மரச்சட்டம் வைத்து விரித்த வகை பார்க்க அழகாயினும், சற்று ஓரம் சாய்ந்தால் படுத்தவரைக் கவிழ்த்துவிடும். முதியோர் அதனைத் தவிர்ப்பது நன்று.

ஏறுவதும் இறங்குவதும்தான் பெரும்பாலான விழுதல்கள் நேரும் தறுவாய்கள். ஏறும் முன் கையால் அழுத்திப் பாருங்கள். தூளியின் நடுப்பகுதிக்கு முதுகு காட்டி நின்று, துணியை இரு கையாலும் விரித்துப் பிடித்து, நாற்காலியில் அமர்வது போல் மெல்ல அமருங்கள். கட்டு தாங்குகிறது என்று உறுதியான பின் தலையையும் கால்களையும் ஒருசேர உள்ளே கொண்டுவாருங்கள். இறங்கும்போது இதன் எதிர்முறை: கால்களை ஒரே பக்கம் இறக்கி, இரு பாதங்களையும் தரையில் ஊன்றி, ஒரு நிமிடம் அமர்ந்திருந்து, பின் எழுங்கள். படுத்தவர் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றக்கூடும்; அழுத்தத்திற்கு மாத்திரை உட்கொள்வோர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

அமர்ந்த நிலையில் துணி தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருந்தால் போதும். நாற்காலியின் உயரமும் அதுவே. உயரமாகக் கட்டுவதால் பெறும் நன்மை ஏதுமில்லை. விழுந்தால் அடி மட்டும் பெரிதாகும்.

எங்கே கட்டலாம், எங்கே கூடாது

உயிருள்ள, ஆழ வேரூன்றிய, குறைந்தது 8 அங்குலம் குறுக்களவுள்ள அடிமரமே ஏற்றது. வேம்பு, புளி, மா போன்ற முதிர்ந்த மரங்கள் தகுந்தவை. முருங்கை கூடாது, அது எளிதில் முறியும் என்பது ஊரறிந்த செய்தி. கிளையில் கட்டாமல் அடிமரத்தில் கட்டுங்கள். மேலே பட்ட கிளை தொங்குகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். படங்களில் தூளி எப்போதும் இரு தென்னைகளுக்கு இடையேதான் தொங்குகிறது; ஆனால் தேங்காயோ காய்ந்த மட்டையோ விழும் இடத்தில் தலை வைத்துப் படுப்பது அறிவுடைமை அன்று. இரு மரங்களுக்கும் இடையே 12 முதல் 15 அடி இருந்தால் தொய்வும் உயரமும் இயல்பாக அமையும்.

மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுக்கும்; மரமும் வருந்தும், கயிறும் தேயும். இரண்டு அங்குல அகலமுள்ள நாடாப் பட்டையைச் சுற்றிக் கட்டுவதே முறை. பந்தல் தூண், கைப்பிடிச் சுவர், படிக்கட்டுக் கம்பி, தண்ணீர்க் குழாய், மின்கம்பம், நிறுத்திய வாகனம் ஆகியவற்றில் ஒருபோதும் கட்டாதீர்கள். வீட்டுச் சுவரில் கொக்கி வேண்டுமெனில் கம்பி வைத்த கான்கிரீட் தூணிலோ உத்தரத்திலோ, தொழில் அறிந்தவரைக் கொண்டு பொருத்துங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் புதிதாக எடுக்கும்போது துணியையும் கயிற்றையும் விரித்து ஆராயுங்கள். நைலான் வெயிலில் நொய்ந்துபோகும். பருத்தி ஈரத்தில் இற்றுப்போகும். பரணில் கிடந்த தூளியை எலி கடித்திருக்கவும் கூடும். கீழே கல், வேர்முடிச்சு, கண்ணாடிச் சில்லு இல்லாத இடத்தையே தேர்ந்தெடுங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கித் தூளி கட்டுவது இளையோரிடையே பரவிவரும் விளையாட்டு. அது வேண்டவே வேண்டாம்.

யார் பொறுத்திருக்க வேண்டும்

கீழ்க்கண்டோர் தம் மருத்துவரைக் கேளாமல் தூளிப்படுக்கையில் படுக்க வேண்டா என்று வேண்டுகிறோம்.

முதுகெலும்பு அறுவை செய்துகொண்டோர், இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டோர்: உடல் வளைவதும், இடுப்பு ஆழ மடங்குவதும், எழும்போது முறுக்கிக்கொள்வதும் இவர்களுக்குத் தீங்கு. வயிற்று அறுவை செய்தோர்: தூளியிலிருந்து எழ வயிற்றுத் தசைகள் கடுமையாக உழைக்க வேண்டும், தையல் ஆறாத நிலையில் அது கூடாது. சிறுநீர்க் குழாயோ வடிகுழாயோ பொருத்தியவர்கள்: குழாய் மடங்கவும் இழுபடவும் கூடும்.

எலும்பு மெலிந்தோருக்கு ஒன்றரை அடி விழுதலே முறிவுக்குப் போதும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோருக்குத் தலையில் சிறு அடியும் உள்ளே கசிவை உண்டாக்கலாம். வலிப்பு நோய் உள்ளோரும், தலைச்சுற்றல் உள்ளோரும், உறக்கமூட்டும் மருந்து எடுத்தோரும், மது அருந்தியோரும் ஆடும் படுக்கையில் ஏறுவது இடர்.

நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் வலைக் கயிறு அழுந்துவதை உணர மாட்டார்கள். துணித்தூளியே அவர்களுக்கு நன்று. இறங்கும் இடத்தில் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். அறுவைக்குப் பின் வீடு திரும்பியோர் எவராயினும் மணிக்கணக்கில் கால் மடங்கி அசையாமல் கிடப்பது காலில் இரத்தம் உறையக் காரணமாகலாம். இடையிடையே எழுந்து நடங்கள்.

கருவுற்ற தாய்மார் 28 வாரத்திற்குப் பின் ஒருக்களித்து உறங்க வேண்டும் என்பது மருத்துவர் அறிவுரை. தூளியில் ஒருக்களித்துக் கிடப்பது கடினம்; எழுவது அதனினும் கடினம். பேறு முடியும்வரை சாய்வு நாற்காலியே போதும்.

குழந்தையின் தூளி

சேலைத் தூளி நம் இல்லங்களின் இனிய மரபு. அதனைக் கைவிடுங்கள் என்று கூற நாங்கள் எழுதவில்லை. ஆயினும் சிலவற்றை மனத்தில் இருத்த வேண்டும். வளைந்த துணியில் பச்சிளங்குழந்தையின் தலை முன்னே கவிழ்ந்து, மோவாய் மார்பில் படிந்தால் மூச்சுக்குழல் நெருங்கும். கழுத்து நில்லாத குழந்தைக்கு அதனைச் சரிசெய்துகொள்ளும் வலிமை இல்லை. துணியின் பக்கம் முகத்தில் படிந்தாலும் மூச்சு முட்டும். இக்காரணங்களாலேயே, தட்டையான உறுதியான படுக்கையில் மல்லாந்து உறங்கவைப்பதே பாதுகாப்பு என்று உலகெங்கும் குழந்தைநல மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். 10 பாகைக்கு மேல் சாய்ந்த குழந்தை உறங்கிகளை அமெரிக்கா 2022இல் சட்டத்தால் தடைசெய்தது.

தூளியில் ஆட்டி உறங்கவைத்தால், கண்பார்வையில் வைத்திருங்கள்; உறங்கியதும் தட்டையான படுக்கைக்கு மாற்றுங்கள். இரவு முழுதும் தூளியில் விடாதீர்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் மூச்சுத் தொல்லை உள்ள குழந்தைக்கும் தூளியே வேண்டா.

பெரிய குழந்தைகளுக்கு இடர் வேறு வகை. தம்பி தங்கைக்குக் கட்டிய தூளியில் ஏறிச் சுழன்று விளையாடும்போது துணி முறுக்கிக் கழுத்தை இறுக்கிய துயரச் செய்திகளை நாளேடுகளில் நாம் அவ்வப்போது படிக்கிறோம். வலைத்தூளியிலும் இவ்விடர் உண்டு. 1996இல் அமெரிக்காவில், சட்டமில்லாத சிறு வலைத்தூளிகளில் சிறார் சிக்கி உயிரிழந்ததையடுத்து ஏறத்தாழ 30 இலட்சம் தூளிகள் திரும்பப் பெறப்பட்டன. ஆகவே பயன்பாடு முடிந்ததும் தூளியை அவிழ்த்து எடுத்துவைத்துவிடுங்கள். தொங்கவிட்ட தூளி காவலில்லாத கிணறு போன்றது.

மலையில் ஓர் இரவு

முகாமிட்டு வெளியில் உறங்குவோர்க்குத் தூளி ஒரு மெய்யான நன்மை தருகிறது. நம் நாட்டில் கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குவோரையே கடிக்கிறது. கடித்த இடம் வலிப்பதில்லை. பலர் அறிவதே இல்லை. விடியலில் வயிற்றுவலி, இமை சரிதல், விழுங்க இயலாமை என்று வெளிப்படும்போது காலம் கடந்திருக்கும். தரைக்கு மேலே, கொசுவலை சூழ உறங்குவது இதற்குச் சிறந்த காப்பு. எனினும் இரவில் இறங்கும்போது கைவிளக்கால் தரையைப் பார்த்து, செருப்பை உதறி அணியுங்கள். பாம்பு கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள். அவ்வுறுப்பை அசைக்காமல் வைத்து 108ஐ அழைத்து, நச்சு முறிமருந்துள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள்.

புதரும் புல்லும் மண்டிய இடங்களில் உண்ணிக்காய்ச்சல் பரப்பும் நுண்ணிய பூச்சிகள் உள்ளன. முகாமிலிருந்து திரும்பிய மூன்று வாரத்திற்குள் காய்ச்சல் கண்டால், சென்று வந்த இடத்தை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள். அக்குள், தொடையிடுக்கு போன்ற மறைவிடங்களில் தீச்சுட்டது போன்ற கருத்த பொருக்கு உள்ளதா என்று பாருங்கள். காலத்தில் அறிந்தால் எளிய மருந்தால் குணமாகும். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது; ஆகவே பகல் உறக்கத்திற்கும் வலை வேண்டும்.

குளிர் இன்னொன்று. மலையிரவில் போர்வை மேலே இருந்தும் முதுகு நடுங்கும். அடியில் காற்று வீசுவதும், உடலின் எடையால் துணி நசுங்குவதும் காரணம். முதுகுக்கடியில் ஒரு நுரைப்பாய் விரியுங்கள். இடி இடித்தால் தூளியை விட்டிறங்கி, மரத்தடியை விட்டு விலகிக் கட்டடத்திற்குள் செல்லுங்கள். வனத்துறை இசைவளித்த இடத்தில் மட்டுமே முகாமிடுங்கள்.

விழுந்துவிட்டால்

விழுந்தவரைப் பதற்றத்தில் தூக்கி நிறுத்துவதே நம் வழக்கம். அதுவே பெருந்தீங்காகலாம். கழுத்திலோ முதுகிலோ வலி, கை கால் மரத்தல், அசைக்க இயலாமை இருந்தால் கிடந்தபடியே விட்டு, தலை அசையாமல் இருபுறமும் பிடித்து, 108ஐ அழையுங்கள். தலையில் அடிபட்டவருக்கு மீண்டும் மீண்டும் வாந்தி, பெருகும் தலைவலி, மயக்கம், குழப்பம், வலிப்பு, மூக்கிலோ காதிலோ நீர் வடிதல் இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே அழைத்துவாருங்கள். இரத்தம் உறையாமைக்கு மருந்து உட்கொள்பவர் எந்த அறிகுறியும் இல்லாவிடினும் அன்றே வர வேண்டும். முதியவர் ஒருவர் விழுந்தபின் முதுகுவலி சில நாளில் தணியவில்லையெனில், 'அடிபட்ட வலிதானே' என்று தைலம் தடவிக் காத்திராமல் படம் எடுத்துப் பாருங்கள்.

அந்த ஆசிரியர் அண்மையில் மறுபரிசோதனைக்கு வந்திருந்தார். எலும்பு நன்கு கூடியிருந்தது. தூளியை என்ன செய்தீர்கள் என்று வினவினோம். சொந்த ஊர்த் தோட்டத்தில் இரண்டு வேப்பமரங்களுக்கு இடையே, அகன்ற பட்டையில், நன்கு தொய்யக் கட்டியிருப்பதாகக் கூறினார். இரண்டடிக்கு ஓரடி என்ற கணக்கைப் பேரப்பிள்ளைகளுக்குத் தாமே சொல்லிக்கொடுத்தாராம். இப்போது அதில் ஆடுவோர் அவர்கள். அவர் அருகில் நாற்காலியிட்டு அமர்ந்து பார்த்துக்கொள்கிறார். "அடுத்த கோடையில் நானும் படுக்கலாமா?" என்று விடைபெறும்போது கேட்டார். எலும்பின் வலிமையை அளந்து பார்த்துச் சொல்கிறோம் என்றோம். அவர் சிரித்துக்கொண்டே அதற்கான நாளைக் குறித்துச் சென்றார்.